அக்காவின் காலும் நாற்பது கிலோமீட்டரும்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், கார் எங்களிடம் இருக்கிறதே. மாற்றலில் போகும்போது நீங்கள் விட்டுச் சென்ற அந்தக் காரைப் பற்றி, கூட்டாமல் குறைக்காமல் உண்மையை மட்டுமே எழுதப்போகிறேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே காரில் போய் உடற்பயிற்சி கொடுக்கும் வேலை. முதல் தேதி சேர வேண்டும். அவள் ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருடமாக ஓட்டவே இல்லை என்பதால், அப்பா அவளுக்கு முதலிலிருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "நாப்பதுலயே போ. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது." அக்கா நாற்பதைத் தொட்டாள், கார் விக்கல் எடுத்தது. "உன் கால் சரியில்லம்மா" என்று செருப்பைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலுக்கும் விக்கியது. மறுநாள் குலுங்காமல் ஓட்டும் பயிற்சிக்காக, ஒரு டம்ளர் தண்ணீரைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விளைவை உங்கள் சீட் காய்ந்த பிறகு விவரிக்கிறேன். பிறகு தானே ஓட்டிக் காட்டினார். விக்கியது. "ரோடு சரியில்ல" என்றார். ஒரே தெருதான் மாமா, அக்கா போனால் கால், அப்பா போனால் ரோடு. "கால் சரியாகிற வரைக்கும் சாவி கிடையாது" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் நூலகத்துக்குப் போனேன். மிதியை அழுத்தினால், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தட்டு திறக்கிறது. எவ்வளவு திறந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார். உள்ளே ஒரு கரித்தடம், அதை உரசி நகரும் ஒரு சின்னத் தகடு. தட்டு மூடியிருந்தால் அரை வோல்ட், முழுதும் திறந்தால் நாலரை. தடம் தேய்ந்த இடத்தில் வோல்ட் தொபுக்கென்று விழும். தட்டு மூடிவிட்டது என்று நம்பி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். அப்பா செய்தி கேட்கும் ஒலி அளவில் மட்டும் நம் ரேடியோ கரகரக்கிறதே, அதேதான்.

அப்பாவையும் அக்காவையும் காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனேன். மெக்கானிக் அண்ணன் அந்த சென்சாரில் மீட்டரை மாட்டித் தட்டை மெதுவாகத் திறந்தார். ஏறிக்கொண்டே வந்த முள் ஓரிடத்தில் படுத்து எழுந்தது.

"தினமும் ஒரே அளவுல கால வெச்சு ஓட்டினா அந்த இடம் மட்டும் தேஞ்சுடும். யாரு சார் அப்படி ஓட்டறது?"

அப்பா மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"என் கால் இந்த வண்டிக்குள்ள வந்தே ஒரு வாரந்தாண்ணே" என்றாள் அக்கா.

புது சென்சார் மாட்டியாகிவிட்டது. கார் விக்கவில்லை. அக்காவின் கால் தானாகவே குணமாகிவிட்டது. ஆனால் சாவி? "அப்புறம் பாக்கலாம்." கார் உங்களுடையது. சாவியைக் கொடுக்கச் சொல்லி அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள் மாமா. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசிகளை அக்காவின் வலது காலுக்கு அனுப்பவும்.

இப்படிக்கு,
உண்மை தவறாத உங்கள் மருமகள்

பி.கு.: அப்பா இதைப் படித்துவிட்டார். பீரோவிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினார். உங்கள் கையெழுத்து. "அத்தான், வண்டி கெடாம இருக்கணும்னா எப்பவும் நாப்பதுலயே ஓட்டுங்க." ஆகவே மேலே 'அப்பா' என்று வரும் இடங்களை எல்லாம் 'மாமா' என்று திருத்திப் படிக்கவும். சாவி அக்காவின் கைக்கு வந்துவிட்டது. "முப்பத்தெட்டு, நாப்பத்திரண்டுன்னு மாத்தி மாத்திப் போம்மா" என்கிறார். மணி ஏழுகூட ஆகவில்லை, நான் இதற்கு மேல் எழுதக் கூடாதென்று விளக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தது அப்பாதான். இதைத் திருத்த வேண்டாம்.