ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு முட்டை

புரோகிராம் எழுதப் பழகும் புதிதில் ஒருவனுக்கு வேலை தெரிகிறதோ இல்லையோ, தன் பெயரை எங்கேயாவது போட்டுக்கொள்ளத் தெரிந்துவிடுகிறது. எனக்கும் தெரிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை. என் அப்பா (எங்களுக்கு நைனா) அங்கே ஃபிட்டர். நான் அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் பயிற்சியாளன். ஏபாப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.

முதல் ரிப்போர்ட் கேன்டீனுக்கு. தேதியைக் கொடுத்தால், அன்று ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அது சொல்ல வேண்டும். ஏபாப்பில் திரை வருவதற்கு முன் நடப்பது ‘இனிஷியலைசேஷன்’. தேதியை அடித்து ரன் கொடுத்த பிறகு நடப்பது ‘ஸ்டார்ட் ஆஃப் செலக்‌ஷன்’. கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்காவுக்குச் சிரமம் வேண்டாமே என்று, இன்றைய தேதியைத் தானாக நிரப்ப ஒரு வரி எழுதினேன். முதல் இடத்தில் இருக்க வேண்டியதை இரண்டாவதில் எழுதிவிட்டேன். அதாவது, அக்கா எந்தத் தேதியை அடித்தாலும் ரிப்போர்ட் அதைப் பணிவாக வாங்கி, ஓசைப்படாமல் அழித்துவிட்டு, இன்றைய கணக்கையே கொடுக்கும்.

திரையில் தேதி நிரம்பவில்லையே என்று லேசாக உறுத்தியது. இன்றைய தேதியை அடித்துப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. (வராமல் எங்கே போகும்?) திருப்தியாகி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் என் பெயர் வருமாறு செய்தேன். தேதியைப் போடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அக்கா மறுநாள் தேதியை அடித்துப் பிரின்ட் எடுத்தார்.

“இன்னா தம்பி, நாளைக்கி எல்லாருக்கும் டூட்டியா?”

“அப்படித்தான்கா இருக்கும். சிஸ்டம் தப்பா சொல்லாது.”

ஞாயிறு மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். டூட்டிக்குப் போயிருந்த நைனாவிடமிருந்து போன்.

“டேய், உன் பேரு போட்ட பேப்பர் ஒண்ணு இங்க கீது. முட்டை ஐநூறு கீது. ஆளு நாப்பது பேருதான். கெளம்பி வா.”

போனேன். உரித்த முட்டைகள் அண்டா அண்டாவாக வெள்ளை வெளேரென்று இருந்தன. அவற்றின் நடுவே ஸ்டெல்லா அக்கா.

“நாளைக்கி மேனேஜர் கேட்டா நான் இன்னா சொல்றது தம்பி?”

நைனா எழுந்தார். தன் சேஃப்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து முட்டைகளை அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “நம்ம புள்ள ட்ரீட்டு. ஆளுக்குப் பத்து ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்கப்பா” என்றார். சிரிப்பு அலையலையாக எழுந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். மீதி முட்டைகள் பக்கத்துத் தொழிற்சாலைகளின் செக்யூரிட்டிகளுக்குப் போயின.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எதிர்சீட்டுக்காரர் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நைனா அவருக்கு ஒரு முட்டையைக் கொடுத்து, “புள்ள கம்ப்யூட்டர்ல கீறான்” என்றார், அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல. நாங்கள் இறங்க வேண்டிய பொன்னேரி வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

திங்களன்று நானே மேனேஜரிடம் போய் என் தப்பு என்றேன். “அந்த வரிய மேல மாத்து. தேதிய போடு, உன் பேர எடு” என்றார். அவ்வளவுதான்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். லீவு நாளில் எங்கே போகலாம் என்று வீட்டில் எல்லாரையும் கேட்பேன். அவள் பழவேற்காடு என்பாள், மனைவி வேறொன்று சொல்வாள். கடைசியில் நான் முன்பே நினைத்துவைத்த இடத்துக்குத்தான் வண்டி போகும். அப்போதெல்லாம் நைனா பின்சீட்டில் பேத்தியிடம் சொல்வார்:

“உங்கப்பன் நல்லா கேட்டுக்குவான் கண்ணு. அப்பறம் அவன் தேதியதான் போட்டுக்குவான்.”