ஈரச் சுவருக்கு ஓர் ஆள் தேர்வு

அத்தான் வீட்டு ஹாலில் ஒரு சுவர் ஈரம் கோத்து, பொரிந்து, உதிரத் தொடங்கியது. "இதுக்கு ஒழுங்கா பெயிண்ட் அடிச்சாத்தான் இந்த வீட்டுல கால் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? என் சமையலறையைத் தலைகீழாக மாற்றினாள். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஆகவே அந்தச் சுவருக்கு நல்ல பெயிண்டர் கிடைப்பது என் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று.

அத்தான் பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர். குண்டூசி வாங்குவதென்றாலும் குழு போடுகிறவர். பெயிண்டருக்கும் தேர்வுக் குழு போட்டார். தலைவர் அவர், உறுப்பினர் நான், எப்போதோ தன் வீட்டுக் கேட்டுக்குத் தானே பெயிண்ட் அடித்த பக்கத்து வீட்டுக்காரர் தொழில்நுட்ப வல்லுநர். சுவருக்கு முதுகைக் காட்டி மூவரும் அமர்ந்தோம்.

முதலில் ஒரு பெயிண்டர் வந்தார்.

"முன் அனுபவத்துக்கு ஆதாரம்?" என்றார் அத்தான்.

"என் சட்டையப் பாருங்க சார்." அதில் ஊரிலுள்ள எல்லா வீட்டு நிறமும் இருந்தது.

"சட்டை சான்றிதழ் ஆகாது. வேலை என்னைக்கு முடியும்?"

"மேல் வீட்டுக் குழாய் ஒழுகுது சார். அதை அடைச்சு, சுவர் காய்ஞ்சாத்தான்..."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க!"

பொறுப்பைக் குழாய் மீது தள்ளுகிறார் என்று குழு அவரை ஒருமனதாக நிராகரித்தது. நானும் கை தூக்கினேன். அத்தான் தூக்கியபின் நான் தூக்காமல் இருக்க முடியுமா?

அடுத்து வந்தவர் டெக்கரேட்டர். கையில் பிரஷ் கிடையாது. கறுப்புச் சட்டையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. நேரே போய்ச் சுவரைத் தடவினார். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"யார் பண்ணின வேலை சார் இது?"

"தானா வந்ததுதான்" என்றார் அத்தான் அடக்கமாக.

"இதுதான் சார் இப்போ ஃபேஷன். பணக்காரங்க வீட்டுல இதை வரவைக்க நாங்க படாத பாடு படுறோம். இதைத் தொடவே கூடாது. மத்த மூணு சுவரும்தான் மானத்தை வாங்குது."

நியமன ஆணை அப்போதே வழங்கப்பட்டது. ஆட்கள் வந்து நல்ல சுவர் மூன்றையும் சுரண்டி, நனைத்து, மறுபடி சுரண்டினார்கள். தொழில்நுட்ப வல்லுநர் மேற்பார்வையிட்டார்.

அக்கா வந்து பார்த்தாள். "பெயிண்ட் அடிக்கச் சொன்னா உரிச்சு வச்சிருக்கீங்களே, பாவிங்களா!" என்று அவள் வாயெடுக்கவும், மாடி வீட்டு அம்மா உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"அடேயப்பா! எந்த டெக்கரேட்டர்? எங்களுக்கும் சொல்லக்கூடாதா?"

அக்கா முகம் மலர்ந்தது. "எல்லார்கிட்டயும் வேலையைக் கொடுத்துட முடியுமா? தேடித் தேடி நான்தான் பிடிச்சேன்" என்றாள்.

அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மறுநாள் மாலை வரை நீடித்தது.

அக்கா வீட்டைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, நெடுநாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"நம்ம சுவரைப் பார்க்கவே கூச்சமா இருக்குங்க. பளபளன்னு, நாகரிகமே இல்லாம! இது உதிர்ற வரைக்கும் நான் அண்ணி வீட்டுலதான்."

டெக்கரேட்டரைத் தேடினேன், தெரு முழுக்க அவருக்கு வேலை. நானே சுரண்டுகிற கத்தியோடு எங்கள் சுவருக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இந்தக் கதையை மட்டும் உங்கள் வீட்டில் சத்தமாக வாசித்துவிடாதீர்கள்.