தண்ணீர் நிறுத்தும் மாப்பிள்ளை

“கெணத்துல தண்ணி வராம பண்றதுக்கா தம்பி உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?”

அப்பாசாமி கேட்ட கேள்வியில், பெண் பார்க்க வந்த தருமனின் கையிலிருந்த கேசரி பாதி வழியில் நின்றது.

“எண்ணெய்க் கெணறுங்க மாமா, அஸ்ஸாம்ல. எண்ணெயோட தண்ணியும் சேந்து வந்துடும். தண்ணி வர்ற வழியை சிமெண்ட்டால அடைச்சுட்டா எண்ணெய் மட்டும் வரும்.”

அப்பாசாமியின் முகம் சுருங்கியது. வேங்கிக்காலில் அந்த வருஷம் மழை பொய்த்து, அவருடைய மல்லாட்டைப் பயிர் வேர்க்கடலை பிடிக்காமலே வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் இடுப்பளவுத் தண்ணீர்தான். தண்ணீரை நிறுத்துகிறவனுக்கா பெண் கொடுப்பார்?

இதே காரணத்தைச் சொல்லி இந்த லீவில் மூன்று வீடுகள் அவனைக் கைகழுவிவிட்டன. கல்யாணம் ஆகாமல் திரும்பினால் அஸ்ஸாமில் மறுபடியும் தானே சோறு வடித்துத் தானே தின்ன வேண்டும். ஆனால் தைரியத்துக்கு மட்டும் அவனிடம் பஞ்சமே கிடையாது.

“அடைக்கத் தெரிஞ்சவனுக்குத் தொறக்கத் தெரியாதா மாமா? உங்க கெணத்துல தண்ணிய ஜாஸ்தி பண்ணிக் காட்டறேன். அப்புறமா தேதி குறிங்க” என்று வேட்டியை மடித்துக் கட்டினான்.

கிழக்கே அடுத்த நிலத்துக்காரி சந்திரம்மாள் கடப்பாறை கொண்டுவந்தாள். அவள் மகள் கன்னியம்மாள் வரப்பைத் தாண்டி வந்து மோர் கொடுத்தாள்.

“கெழக்குப் பக்கம் குத்துங்க தம்பி. அங்கதான் ஊத்து இருக்கும்” என்றாள் சந்திரம்மாள்.

“நானும் அதைத்தான் நெனச்சேன்” என்றான் தருமன், எதையும் நினைக்காமலே.

கிணற்றில் இறங்கிக் குத்தினான். பாறை வெடித்தது. இருந்த தண்ணீர் அந்த வெடிப்புக்குள் மடமடவென்று இறங்க ஆரம்பித்தது.

“அண்ணாமலையாரே! இருந்ததும் போகுதே!” என்று அலறினார் அப்பாசாமி.

“பதறாதீங்க. இப்பதான் என் தொழிலே ஆரம்பம். சிமெண்ட் எங்க?”

வீடு பூச அப்பாசாமி பர்மிட்டில் வாங்கி வைத்திருந்த மூட்டை பிரிந்தது. தருமன் முங்கினான், தடவிப் பார்த்தான், அடைத்தான்.

அங்கேதான் வினை. தண்ணீர் போகிற வழியை அடைக்க வேண்டியவன், பழக்கதோஷத்தில் தண்ணீர் வருகிற வழியை அடைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கிணறு பெருக்கி விட்ட கூடம் மாதிரி காய்ந்து கிடந்தது.

“பொண்ணும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கெளம்புய்யா!” என்றார் அப்பாசாமி.

அஸ்ஸாமுக்கே திரும்பிவிடலாமென்று தருமன் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றான். அப்போது ஈரப் புடவையோடு சந்திரம்மாள் வந்தாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு.

“எங்க கெணறு ரொம்பிடுச்சு தம்பி! குனிஞ்சு மொண்டுக்கலாம். சாயங்காலம் எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாங்க.”

“ஐயோ, நான் வேணும்னு பண்ணலீங்க!”

சந்திரம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க எங்க தம்பி பண்ணீங்க? ‘கெழக்குப் பக்கம் குத்தச் சொல்லும்மா, தண்ணியும் நம்ம பக்கம் வந்துடும், மாப்பிள்ளையும் வந்துடுவாரு’னு சொல்லி அனுப்பினதே எங்க கன்னியம்மாதான்!”