ஒரு வாளித் தண்ணீரும் மூன்று அரசாங்கங்களும்

பழைய குழாயைப் பிடுங்கியபோது பீய்ச்சியடித்த துருத்தண்ணீர், வாத்தியாரையும் பிளம்பரையும் தலையோடு கால் குளிப்பாட்டியிருந்தது.

புதுக் குழாயை மாட்டிவிட்டுக் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார் பிளம்பர். “சார், தொட்டியில ஒரு ஆள் குளிக்கத்தான் தண்ணி இருக்கு. இனிமே சாயங்காலம்தான் வரும்.” சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்து வைக்க உள்ளே போனார்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிக்குக் கல்லூரி முதல்வர் அவருடைய வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அன்றைய பாடம், அரசு எப்படித் தோன்றியது. பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இந்தக் கோலத்தில் போனால் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டார்.

அதற்குள் மனைவி, மச்சான், மகள் மூவரும் குளியலறை வாசலில் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்க! இதுக்குப் பேர்தான் இயற்கை நிலை. அவனவன் இஷ்டத்துக்கு ஆடினா அடிதடிதான். கூடத்துக்கு வாங்க, ஒப்பந்தம் போடுவோம்.”

காலண்டர் தாளைக் கிழித்தார். “முதல் கொள்கை. எல்லாரும் எல்லா உரிமையையும் ஒரே ராஜாகிட்ட ஒப்படைச்சுடணும். ராஜா நான்.”

நால்வரும் கையெழுத்திட்டார்கள். மச்சான் மட்டும் முறைத்துக்கொண்டே போட்டான். ராஜா கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டார்.

“அப்போ டிபனையும் ராஜாவே பண்ணிக்கட்டும்” என்றாள் மனைவி.

ராஜா மறுபடி உட்கார்ந்தார். “சரி, ரெண்டாவது கொள்கை. உயிர், சுதந்திரம், சொத்து எல்லாம் பிறவி உரிமை. அதைக் காப்பாத்தத்தான் அரசாங்கம். காப்பாத்தலைன்னா தூக்கி எறியலாம்.”

மறுபடி நாலு கையெழுத்து.

“அத்தான், உங்க தோள்ல கிடக்கிறது என் துண்டு” என்றான் மச்சான். “என் சொத்து. ஆட்சி கலைஞ்சாச்சு!”

வாத்தியார் மூன்றாவது தாளைக் கிழித்தார். “ராஜாவே வேண்டாம். பொது விருப்பம் எதுவோ அதுதான் சட்டம். கையெழுத்துப் போட்டுட்டு, நான் குளிக்கலாமான்னு ஓட்டுப் போடுங்க.”

மூன்றுக்கு ஒன்று. வாத்தியாருக்குக் குளியல் கிடையாது.

“அநியாயம்!”

“பொது விருப்பத்துல உன் விருப்பமும் அடக்கம்ப்பா” என்றாள் மகள். “நேத்து நீதானே வீடு பூரா கத்திக் கத்திப் படிச்சே?”

மணி எட்டரை. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. “கொள்கையெல்லாம் கிடக்கட்டும். உங்க கால்ல வேணா விழறேன்!”

மனைவிக்கு மனசு இளகியது. “சரி, போய்த் தொலைங்க.” மச்சான் துண்டைக்கூட விட்டுக்கொடுத்தான்.

வாத்தியார் பறந்தார். குளியலறைக் கதவு திறந்தது. பளபளவென்று, ஈரத் தலையைக் கோதியபடி வெளியே வந்தார் பிளம்பர்.

“தண்ணி?”

“தீர்ந்துடுச்சு சார்.”

“நாங்க அங்க ஒப்பந்தம் போட்டுக்கிட்டிருக்கோம், நீ எப்படிய்யா குளிக்கலாம்?”

“கேட்டுக்கிட்டேதான் சார் குளிச்சேன், நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க, ஆனா மூணு தாள்லயும் என்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலையே!”