பயம் வந்தால் சரித்திரம்

சிசிலியின் பலெர்மோ நகரில் எத்தனை பயந்தாங்கொள்ளிகள் இருந்தாலும், தன் பயத்தை நூற்றாண்டுக் கணக்கில் காட்டக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சரித்திரம் அண்ணை. ஆபிரிக்காவிலே காம்பியாக்காரர். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து உணவகத்தில் எங்கள் ஆட்களோடு கோப்பை கழுவிக் கழுவியே யாழ்ப்பாணத் தமிழ் பழகியவர்.

பயந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். அவருக்குச் சரித்திரம் வரும். சின்னப் பயமென்றால் குஸ்குஸோடு நிற்கும். "இது ஆபிரிக்கச் சாப்பாடு தம்பி. இந்த ஊராக்கள் தங்கடை எண்டு சொல்லுவினம்." முதலாளி முறைத்தால் ஆயிரம் வருடம் பின்னால் போய்விடுவார்: தோடை என்கிற ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆபிரிக்கக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கதை. போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு நாய் துரத்தியபோது, சிசிலி ஆபிரிக்காவோடு ஒட்டிக்கிடந்த காலத்தை ஓடிக்கொண்டே சொல்லிமுடித்தார்.

அப்படிப்பட்டவரின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, முடியப்போனது. புதுப்பிக்காவிட்டால் வேலையும் இல்லை, ஊரும் இல்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் அவருடைய இத்தாலிய மொழி காணாமல் போய்விடும் என்பதால், இங்கேயே கல்லூரியில் படிக்கிற நான் துணைக்குப் போனேன். வரிசையிலேயே தோடம்பழக் கதை தொடங்கிவிட்டது.

"அண்ணை, கொஞ்சம் கதையாமல் நில்லுங்கோ."

"கதைக்காட்டி அழுதிடுவன் தம்பி."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி அண்ணையின் கோப்பிலிருந்த தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அண்ணை தமிழில் ஆரம்பித்தார்.

"இந்த ஊரைக் காக்கிற புனிதர்மாரிலை ஒராள் கறுப்பர். அடிமையளின்ரை பிள்ளை. மடத்திலை சமைச்சவர். அவரிட்டை ஆரும் பெர்மெஸ்ஸோ கேட்டவையோ?"

அதிகாரி நிமிர்ந்தார். "பெர்மெஸ்ஸோ என்று ஏதோ சொன்னாரே, என்ன?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றுவார்கள் என்றே நினைத்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "அந்தக் காலத்தில் கைரேகை இயந்திரம் இல்லை. இப்போது இருக்கிறது. விரலை வைக்கச் சொல்லுங்கள்."

அண்ணையின் கை நடுங்கிய நடுக்கத்தில் இயந்திரம் மூன்று தரம் மறுத்தது. நான்காம் தரம் அவருடைய கையை என் கையால் பொத்திப் பிடித்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. புது அனுமதி அட்டை வரும்வரை வைத்திருக்க ஒரு துண்டுச்சீட்டும் தந்தார்கள்.

வெளியே வந்து பொலிதேயாமா வரை அண்ணையிடமிருந்து ஒரு சரித்திரமும் வரவில்லை. என் கையையும் விடவில்லை. எதிரே என் கல்லூரித் தோழர்கள் வந்தார்கள், நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.