ஒரு வருஷப் பிரமிப்பு

வெள்ளை மேஜை விரிப்பில் காபி நிதானமாகப் பரவிக்கொண்டிருந்தது. பாலக்காரி கையில் காலிக் கோப்பையோடு அதைப் பார்த்தபடி நின்றாள். சாயங்காலம் ஊருக்கு விமானம். ஒரு வருஷம் கட்டிக் காத்த நல்ல பெயர், கிளம்பும் நாள் காலையில்தானா கவிழ வேண்டும்?

பாலம் கட்டும் படிப்பைப் படிக்க வெளிநாடு வந்தவள் என்பதால் ஊரில் அவள் வீட்டார் வைத்த பட்டப்பெயர் பாலக்காரி. தங்கியிருந்தது ஒரு வயதான தம்பதியின் வீட்டில், மாடி அறையில்.

அந்த வீட்டை நினைத்தாலே அவளுக்குப் பிரமிப்பு. வந்த மறுநாள், ஊர் நேரம் உடம்பை விட்டுப் போகாமல், ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்து உடுத்திக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஆன்ட்டியும் அங்கிளும் தலை வாரி, கழுத்து வரை பொத்தான் போட்டு, முழு உடையில் இறங்கி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அவர்கள் எழுகிறார்களே என்று இவளும் தினம் எழுந்தாள்.

பேச்செல்லாம் ஆஸ்பத்திரியில் பேசுவது போல மெதுவாக. டி.வி.யைக்கூடத் துணி போர்த்தி மூடி வைத்திருந்தார்கள். சில மாலைகளில் அங்கிள் அந்தத் துணியையே கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருப்பார். தியானம் செய்கிறார் என்று இவள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவாள்.

"இங்க மனுஷங்களே வேற ரகம்மா" என்று போனில் சொல்லிச் சொல்லி, அப்பா அம்மாவுக்கும் அந்த வீட்டின் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. அடுத்த மாதம் தங்கையும் இதே ஊருக்குப் படிக்க வருவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் இடம் கிடைத்தால்தான் அனுப்புவேன் என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார். யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்றிருந்தார் ஆன்ட்டி.

"உன் தங்கச்சியும் உன்ன மாதிரிதானே?" என்று நேற்று அவர் கேட்டபோது, "அச்சு அசல் என்ன மாதிரியே" என்று இவள் வாய் கூசாமல் சொல்லியிருந்தாள். ஆன்ட்டி ஏனோ பெருமூச்சு விட்டார்.

அவர்கள் இறங்கி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பாலக்காரி தங்கையை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். கறை விஷயத்தில் குடும்பத்திலேயே அனுபவம் அதிகம் அவளுக்குத்தான். ஊரில் அப்போது பத்து மணி தாண்டியிருந்ததால், அப்போதுதான் எழுந்திருந்தாள்.

"காபி கொட்டிடுச்சுடி. வெள்ளைத் துணி. உன் ரூமே இதுலதான் இருக்கு."

"இதுக்கா இந்த அழுகை? உப்பப் போட்டுத் தேய்க்கா."

தேய்த்தாள். உள்ளங்கை அளவு இருந்த கறை சாப்பாட்டுத் தட்டு அளவு ஆனது.

"பெருசாயிடுச்சுடி!"

"அப்ப வினிகர் ஊத்து."

ஊற்றினாள். கறை அசையவில்லை. கூடம் முழுக்கப் புளித்த நெடி. நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள். காற்று வேகமாக வந்து பூச்சாடியைத் தள்ளிவிட்டது. மிச்சமிருந்த விரிப்பும் தொப்பலாக நனைந்தது.

"போச்சு! முழுசா நனைஞ்சிடுச்சு."

"நல்லதாப் போச்சு, எல்லா இடமும் ஒரே கலராத் தெரியும். அயர்ன் பண்ணிக் காயவை. நான் பண்ணினதில்ல, ஆனா பாத்திருக்கேன்."

வேறு வழி தெரியவில்லை. அயர்ன் பாக்ஸை ஓட்டினாள். இதுதான் இந்த வீட்டில் கடைசிக் காலை என்று அப்போதுதான் உறைத்தது. கை ஓட, மனசு எங்கோ போனது.

ஒரு நாள் பேராசிரியர் வகுப்பையே ஆற்றுப் பாலத்தின் அடியில் கூட்டிப் போனார். "கைய வைங்க. ரயில் வரட்டும்" என்றார். மேலே ரயில் போனபோது, அத்தனை பெரிய இரும்பு அவள் உள்ளங்கைக்குள் மெல்ல நடுங்கியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவோ பேருடைய கணக்கும் கவனமும் சேர்ந்து இத்தனை ஜனங்களைத் தாங்கி நிற்கிறதே என்று அன்று ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் அப்படிப்பட்ட மனிதர்களோடு ஒரு வருஷம்! தனக்கு எப்படிக் கிடைத்தது இது?

தீய்ந்த வாடை வந்தது. பாக்ஸை வெடுக்கென்று தூக்கினாள். விரிப்பின் நட்ட நடுவில், பழுப்பு நிறத்தில், அயர்ன் பாக்ஸின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"உன் ரூம் போச்சுடி."

மாடிப்படியில் காலடி கேட்டது. ஆன்ட்டியும் அங்கிளும் வழக்கம்போல முழு உடையில் வந்து நின்றார்கள். ஈர மேஜையையும் உப்பையும் வினிகர் பாட்டிலையும் கருகிய துணியையும் வரிசையாகப் பார்த்தார்கள். பாலக்காரிக்கு ஒரு வருஷமாகப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. நான் நீங்க நினைக்கிற மாதிரிப் பொண்ணே இல்ல. ஊர்ல எட்டு மணிக்கு முன்னாடி கண்ணு முழிச்சதே கிடையாது. ஒரு போர்வை மடிச்சதில்ல. உங்க ரெண்டு பேரையும் பாத்து அசந்து போய்த்தான் இப்படியெல்லாம் இருந்தேன். உங்கள மாதிரி மனுஷங்கள நான் பாத்ததே இல்ல."

ஆன்ட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப உன் தங்கச்சி?"

இதற்கு மேல் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "அவ என்னவிட மோசம் ஆன்ட்டி. பத்து மணி வரைக்கும் தூங்குவா. தட்டத் தூக்கிக்கிட்டு சோபாவுல போய்ச் சாஞ்சுக்குவா. பக்கத்துல டி.வி. அலறணும்."

"அடிப்பாவி!" என்றது போன்.

ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் 'உப்பு', 'நன்றி' தவிர ஒரு வருஷத்தில் வேறு எதுவும் பேசியிராத அங்கிள், கழுத்துப் பொத்தானை மெதுவாக அவிழ்த்தார்.

"அந்தப் பொண்ண நாளைக்கே வரச் சொல்லும்மா. உனக்குப் பயந்து ஒரு வருஷமா நாங்க அஞ்சு மணிக்கு எந்திரிச்சது போதும்."