ஏழாவது கேள்வியும் வான்கோழிக் கொத்துக்கறியும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் நாகரிகம் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அவர்கள் எல்க்வுட் ஃபால்ஸ் பக்கம் வந்ததில்லை. நெருப்பு வெறும் ஆரம்பம். வெந்ததைச் சுடச்சுடத் தின்று தீர்த்துவிடாமல், ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி, கல்லாக உறையவைக்கும் பக்குவம் என்று வந்ததோ அன்றுதான் நாகரிகம் பிறந்தது. அதன் தலைநகரம் மின்னசோட்டா மாநிலத்தின் இந்தச் சிற்றூர். அதன் நாடாளுமன்றம், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று கூடும் "துயர்காலச் சத்துணவுக் குழு".

அந்த நாகரிகத்தின் முழுப் பயனையும் அடையும் பேறு சென்ற அக்டோபரில் வெர்லின் ஹாகனுக்குக் கிடைத்தது. அதற்காக அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மனைவியை இழக்க வேண்டியிருந்தது.

நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த ஆர்டிஸ், ஒரு வியாழக்கிழமை காலை காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இதயம் நின்று போய்ச் சேர்ந்தாள். நான்கே மணி நேரத்தில் குழு கூடியது. தலைவி கோரின் லிண்டால், பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்து, மூன்று தலைமையாசிரியர்களை ஓய்வுபெற வைத்தவர்.

"ஒரு வீட்டுல ஒரு இதயம் நின்னது போதும்," என்றார் கோரின். "இனிமே அந்த வீட்டுக்குள்ள மாட்டுக்கறி, வெண்ணெய், சீஸ் எதுவும் போகக்கூடாது. வான்கோழிக் கொத்துக்கறி. கொழுப்பு எடுத்தது. கூட ரெண்டு பங்கு காய்கறி."

"உப்பு?" என்று கேட்டாள் பெவ் டோர்விக். ஞாயிறு ஆராதனையில் பியானோ வாசிப்பவள். ஆர்டிஸின் தோழி. கணவன் போய் ஆறு வருடம் ஆகிறது.

"உப்பு எதுக்கு? அவர் துக்கத்துல இருக்கார். ருசி தெரியவா போகுது?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முன்பெல்லாம் இப்படி ஒரு வீட்டில் சாவு விழுந்தால், யாராவது ஒரு பெண் கதவைத் தட்டி, என்ன வேண்டும் என்று கேட்டு, உட்கார்ந்து அழுது, காப்பி குடித்து, மூன்று மணி நேரத்தை வீணடித்துவிட்டு வருவாள். குழு அந்தக் காட்டுமிராண்டிக் காலத்தை ஒழித்திருந்தது. இப்போது கைப்பேசிக்கு ஒரு படிவம் வரும். பத்துக் கேள்விகள். வெர்லின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழாவது கேள்வியில் அவருடைய விரல் நின்றது.

"உணவு கொண்டுவருபவர் வீட்டுக்குள் வந்து சற்று நேரம் உங்களுடன் இருக்கலாமா?"

வெர்லின் "வேண்டாம்" என்பதைத் தொட்டார்.

அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவரும் அதைத்தான் தொட்டிருப்பார்கள். எல்க்வுட் ஃபால்ஸில் முதல் தடவை கேட்டதும் "சரி" என்பவன் பட்டினி கிடந்தவன் அல்லது வெளியூர்க்காரன். முதல் தடவை "வேண்டாம்" என்பது மரியாதை. இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பது அடக்கம். மூன்றாம் தடவை கேட்டால்தான் "சரி, கொஞ்சமா" என்பார்கள். ஆர்டிஸையே அவர் மூன்று தடவை கேட்டுத்தான் மணந்தார். இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் நடுவில் அவள் பதில் சொல்ல வாய்ப்பளிக்கும் விதமாக வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆகவே வெர்லின் "வேண்டாம்" என்று தொட்டுவிட்டு, படிவம் மறுபடி கேட்கக் காத்திருந்தார்.

"நன்றி. உங்கள் பதில் பதிவாகிவிட்டது," என்றது படிவம்.

அடுத்த நாளே வாசல் முகப்பில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. வாரத்தில் நான்கு நாள் மாலை நாலரைக்கு ஒரு கார் வரும். டயரடியில் பனி நொறுங்கும் சத்தம். பெட்டியின் மூடி திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி டயர். வெர்லின் இரண்டு கோப்பைகளில் காப்பியை ஊற்றிக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் காரின் பின்விளக்கு தெருமுனை தாண்டியிருக்கும். இருபத்தாறு வருடம் மாவட்டத்தின் பனி வாரும் வண்டியை ஓட்டியவர் அவர். அந்தத் தெருவில் எந்தக் காரும் அவ்வளவு வேகமாகப் போய் அவர் பார்த்ததில்லை. கருணைக்குத்தான் எத்தனை வேகம்!

பைகளின் செய்நேர்த்தியைச் சொல்லி மாளாது. வான்கோழியும் கேரட்டும். வான்கோழியும் குடைமிளகாயும். வான்கோழியும் சுக்கினியும். பண்டிகை நாளில் வான்கோழியும் காலிஃபிளவரும். எல்லாம் ஒரே கனம், ஒரே அளவு. ஃப்ரீசரில் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: செய்த தேதி, சூடாக்கும் நேரம், "ஆறு பேருக்குப் போதும்". வெர்லின் ஒரு பையைத் திங்கட்கிழமை திறந்தால் சனிக்கிழமைவரை அதுதான். அந்த ஆறு பேராகவும் அவரே முறைவைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

சீட்டுகள்தான் அவருக்குப் பேச்சுத்துணை. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வார். ஒருநாள் சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது. "ஆறு பேருக்குப் போதும்" என்பதற்குக் கீழே, "உப்பு பத்தாது. என் குற்றம் இல்லை. பெவ்" என்று எழுதியிருந்தது. வெர்லின் இரண்டு தடவை படித்தார். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சமையலறையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சீட்டைத் துடைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.

செய்தி எப்படியோ தலைவிக்குப் போயிற்று. மறுவாரத்திலிருந்து சீட்டுகள் "ஒரே சீராக" அச்சிடப்பட்டு வந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் கோரின் விசாரிப்பார்.

"எப்படி இருக்கீங்க வெர்லின்?"

"பரவாயில்ல."

"சாப்பாடெல்லாம்?"

"மோசமில்ல."

இது குழுவின் குறிப்பேட்டில் "பயனாளி பெருமகிழ்ச்சி தெரிவித்தார்" என்று ஏறும். அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் "மோசமில்ல" என்பதற்கு மேல் ஒரு பாராட்டு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. குழந்தை பிறந்தாலும் அதுதான், குளத்தில் பெரிய மீன் சிக்கினாலும் அதுதான்.

டிசம்பரில் ஃப்ரீசர் நிறைந்தது. கதவு மூடவில்லை. வெர்லினுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்: இனி யாராவது வந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்? குழு உடனே இன்னொரு ஃப்ரீசரை நன்கொடையாகத் திரட்டியது. சவப்பெட்டி நீளத்துக்கு இருந்த அதைத் தூக்க நான்கு ஆண்கள் வேண்டும். வெர்லின் நான்கு பேருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிவைத்தார். ஏழாவது கேள்விக்கு அளித்த பதிலை மீறக்கூடாது என்பதற்காக, அவர் ஆராதனையில் பாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர்கள் வந்து கார்க்கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார்கள். பனியில் நான்கு ஜோடிக் காலடிகள் மட்டும் இருந்தன. ரொட்டியை அவர் அந்த ஃப்ரீசரில்தான் வைத்தார்.

ஜனவரியில் வெர்லின் துணிந்து ஒரு சூழ்ச்சி செய்தார். ஐஸ் பெட்டியை எடுத்து உள்ளே ஒளித்துவைத்தார். பெட்டி இல்லையென்றால் மணியை அடித்துத்தானே ஆக வேண்டும்? அன்றைக்குக் குளிர் மைனஸ் இருபத்திரண்டு. வந்த பெண்மணி ஒரு கணம் யோசித்தாள், பையை வாசல் பனியின் மேலேயே வைத்தாள், போய்விட்டாள். வாசலே ஃப்ரீசராக இருக்கும்போது பெட்டி எதற்கு? குறிப்பேட்டில் கோரின் எழுதினார்: "இயற்கையும் குழுவுடன் ஒத்துழைத்தது."

பிப்ரவரி இரண்டாவது செவ்வாயன்று வெர்லின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நேராகக் கூட்டத்துக்கே போனார். ஏழாவது கேள்வியை மாற்றிவிடுவது என்று முடிவு. கண்ணாடியின் முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். "எனக்குத் துணை வேணும்." மூன்றே வார்த்தை.

அடித்தளக் கூடத்தில் பதினோரு பெண்கள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திகள் நின்றன.

"அடடே, வெர்லின்! நன்றி சொல்ல வந்தீங்களா?" என்றார் கோரின்.

"ஆமா. நன்றி. அப்புறம்…"

"எழுபத்திரண்டு பை! மாவட்டத்துலயே எந்தத் துக்க வீட்டுக்கும் இவ்வளவு போனதில்ல. வேற ஏதாவது வேணுமா?"

ஒத்திகை பார்த்த மூன்று வார்த்தைகளும் தொண்டைவரை வந்தன. அங்கே அறுபத்தெட்டு வருட வளர்ப்பு குறுக்கே நின்றது.

"ஒண்ணும் வேண்டாம்," என்றார் வெர்லின்.

"வேண்டாமாம்," என்று கோரின் எழுதிக்கொண்டார்.

பெவ் கத்தியைக் கீழே வைத்தாள். "நெஜமாவா வெர்லின்? யாராவது வந்து கொஞ்ச நேரம் கூட உக்காந்து சாப்பிட்டா நல்லா இருக்கும்ல?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார் அவர். சொல்லிவிட்டு, மூழ்குகிறவன் கயிற்றைப் பார்ப்பதுபோல அவள் வாயைப் பார்த்தார்.

பெவ் மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தாள். கோரின் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"போதும் பெவ். அவர் அக்டோபர்லயே பதில் சொல்லிட்டார். பதிவாகியிருக்கு."

"ஒரு தடவைதானே கேட்டிருக்கு? நம்ம ஊர்ல மூணு தடவை கேக்கணும் கோரின். உன் கல்யாண கேக்கையே உன் மாமியார் மூணாவது தடவைதான் வாங்கிச் சாப்பிட்டாங்க."

"அது மனுஷங்க கேக்கும்போது. இது படிவம். படிவத்துக்கு வெட்கம் கெடையாது, அதனால ஒரு தடவை போதும். இப்போ பதிவானதை மீறினா அவரோட தனிமைக்கு நாம இடைஞ்சல் பண்ணினதா ஆகும். அப்படித்தானே வெர்லின்?"

வெர்லின் என்ன சொல்வார்? "பரவாயில்ல," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறிப் போனார். முழங்கால் வலியில்லாத ஒரு மனிதன் பன்னிரண்டு படிகளை அவ்வளவு மெதுவாக ஏறி பெவ் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை. மணி நாலரை. டயர் சத்தம். வெர்லின் எழுந்திருக்கவில்லை. காப்பிகூட ஒரு கோப்பைதான் ஊற்றியிருந்தார். கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு, நான்கு மாதமாக எவர் விரலும் படாமல் கிடந்த வாசல் மணி அடித்தது.

திறந்தால் பெவ். துவாலை சுற்றிய கண்ணாடிப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து ஆவி வந்தது. ஆவி! அந்த வாசலில் சூடான ஒரு பொருளைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை கேட்டாச்சு," என்றாள் பெவ். "இது மூணாவது. உள்ள வரட்டுமா?"

வெர்லின் கதவை அகலத் திறந்தார்.

"சரி," என்றார். "கொஞ்ச நேரம்."

மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஒரு கட்டி வெண்ணெய், மேலே மொறுமொறுவென்று சீஸ். குழு தடைசெய்த அத்தனையும் ஒரே பாத்திரத்தில் கூட்டணி வைத்திருந்தன.

"உப்பு போதுமா?" என்றாள்.

"மோசமில்ல," என்றார் வெர்லின். பெவ் முகம் சிவந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தன் சீட்டை அப்போதுதான் பார்த்தாள். முகம் இன்னும் சிவந்தது.

"இதை ஏன் வச்சிருக்கீங்க?"

"இந்த வீட்டுல என்கூடப் பேசினது அது ஒண்ணுதான்."

பெவ் எழுந்து, அலமாரியைத் திறந்து, தானாகவே இரண்டாவது கோப்பையை எடுத்துக் காப்பி ஊற்றிக்கொண்டாள். ஆர்டிஸ் கோபம் வந்தால் டயருக்குக் காற்றடிக்கிற பம்பை ஒளித்துவைப்பாளாமே என்றாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. ஆறு பேருக்குப் போதுமான பாத்திரத்தில் பாதி காலியாயிற்று.

குழுவின் விதிப்படி ஒரு கார் அந்த வாசலில் நாற்பது விநாடி நிற்கலாம். பெவ்வின் கார் ஒரு மணி நேரமாக நிற்பதை ஊர் பார்த்தது, ஊர் தலைவியிடம் சொன்னது. ஐந்தரைக்கு மறுபடி மணி அடித்தது. கோரின் லிண்டால், கோட்டு, தொப்பி, கையில் குறிப்பேட்டுடன், தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு துக்க வீட்டின் மணியை அடித்துவிட்டு நின்றார். மூக்கு நீலம் பாய்ந்திருந்தது. உள்ளிருந்து வந்த வெண்ணெய் வாசனையில் அது ஒருமுறை துடித்தது.

"சும்மா ஒரு ஆய்வுக்கு வந்தேன்," என்றார். "உங்க தனிமைக்கு ஏதோ இடைஞ்சல்னு கேள்விப்பட்டேன்."

"உள்ள வாங்க கோரின்," என்றார் வெர்லின் அன்பாக. "சூடா இருக்கு. ஒரு வாய் சாப்பிடலாம்."

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்," என்றார் கோரின், ஒரு காலைத் தூக்கி நிலைப்படியில் வைக்கத் தயாராக.

"நன்றி," என்றார் வெர்லின். "உங்க பதில் பதிவாயிடுச்சு."

கதவு மெல்ல மூடியது.

ஜன்னல் கண்ணாடி வழியே பெவ் எட்டிப் பார்த்தாள். எல்க்வுட் ஃபால்ஸ் நாகரிகத்தின் தலைவி, நீலப் பெட்டி இருந்த இடத்தில், அதே நிறத்தில், இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று நம்பிக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்ல?" என்றாள் பெவ்.

"கேக்காம இருப்பேனா?" வெர்லின் மூன்றாவது கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். "நாலு மாசம் நான் உறைஞ்சு கெடந்தேன். அவங்க ஒரு நாலு நிமிஷம் உறையட்டும்."